ஃபால்ஸ் சீலிங்குக்குள் இரவு இரண்டு மணிக்கு ஓட்டம்: இது எந்த எலி, எப்படி நிறுத்துவது?

#1 மூன்றாம்மாடி

வணக்கம். எங்கள் வீடு மூன்றாவது மாடி, அதற்கு மேல் மொட்டை மாடிதான். மூன்று வாரமாகப் படுக்கையறை ஃபால்ஸ் சீலிங்குக்குள் ராத்திரி ஒன்றரை, இரண்டு மணிக்கு ஓட்டம் கேட்கிறது. கொஞ்ச நேரம் ஓடும், நிற்கும், அப்புறம் கரக் கரக்கென்று எதையோ கொறிக்கும். சமையலறைப் பரணில் புழுக்கை கிடக்கிறது. குளியலறைச் சோப்பின் ஓரத்தில் சின்ன உளியால் வழித்த மாதிரி இரட்டை இரட்டையாகக் கோடுகள். போன வாரம் வாஷிங் மெஷினின் தண்ணீர்க் குழாயைக் கடித்துவிட்டது, காலையில் எழுந்து பார்த்தால் தரை முழுக்கத் தண்ணீர்.

கூண்டு வாங்கி ஐந்து நாளாக வைக்கிறேன், ஒன்றும் விழவில்லை, உள்ளே வைத்த தீனி அப்படியே காய்ந்து போயிருக்கிறது. கடைக்காரர் பசை மருந்து ஒரு டியூப் கொடுத்தார். வீட்டில் நான்கு வயதுக் குழந்தை இருக்கிறாள். அந்த டியூபைப் பிரிக்கவே கை வரவில்லை, அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன். என்ன செய்யலாம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். தூங்கிப் பல நாளாயிற்று.

#2 நீலக்குயில்

ஒட்டு அட்டை நாலைந்து வாங்கிச் சுவர் ஓரமாகப் போட்டுவிடுங்கள், இரண்டே நாளில் மாட்டும். எங்கள் வீட்டில் அப்படித்தான் ஒழித்தோம்.

#3 பொறிக்காரர்

மூன்றாம்மாடி, அந்த டியூப் பூட்டியபடியே இருக்கட்டும், அதைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன். பதினான்கு வருடமாக எலி பிடிப்பதுதான் எனக்குத் தொழில். வீட்டுக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி "எந்த மருந்து நல்லது?" என்பதுதான். நான் அவர்களிடம் கேட்கும் முதல் கேள்வி "எந்த எலி?" ஏனென்றால் ஒவ்வொன்றும் இருக்கும் இடம் வேறு, வரும் வழி வேறு, பொறியில் விழும் குணமும் வேறு.

பெரிய பழுப்பு எலி தரைக்காரன். சாக்கடை, தோட்டத்து வளை, கீழ்த்தளம், குப்பை போடும் இடம். எடை 200 கிராமிலிருந்து அரைக் கிலோ வரை போகும். மொட்டையான மூக்கு, சின்னக் காது, வால் உடம்பைவிடக் குட்டை. புழுக்கை இரண்டு முனையும் மழுங்கி மாத்திரை மாதிரி இருக்கும், நீளம் 20 மில்லிமீட்டர் வரை. கூரை எலி (கருப்பு எலி என்றும் சொல்வார்கள், ஆனால் நிறத்தை நம்பாதீர்கள், சாம்பலும் பழுப்பும் கூட உண்டு) மெலிந்தது, 150 முதல் 250 கிராம். கூரான மூக்கு, பெரிய காது, வால் தலையும் உடம்பும் சேர்ந்த நீளத்தைவிட அதிகம். குழாய், கேபிள், சொரசொரப்பான சுவர் எதிலும் ஏறிவிடும். புழுக்கை 12 மில்லிமீட்டர் அளவில் இரண்டு முனையும் கூராக, கொஞ்சம் வளைந்திருக்கும். சுண்டெலி 15 முதல் 25 கிராம்தான், புழுக்கை அரிசி மணியைவிடச் சின்னது, அங்கங்கே தூவின மாதிரி நிறையக் கிடக்கும். பெருச்சாளி என்றால் வளை வாயில் தோண்டிய மண் குவியலாகக் கிடக்கும், மூன்றாவது மாடிப் பரணுக்கு அது வராது.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு பரணில் கிடக்கும் புழுக்கை ஒன்றின் பக்கத்தில் ஸ்கேலை வைத்து அளந்து பாருங்கள். ஒரு குச்சியால் அழுத்துங்கள். கறுப்பாகப் பளபளத்து நசுங்கினால் நேற்று, முந்தாநாள் போட்டது. சாம்பல் நிறத்தில் பொடியாக உதிர்ந்தால் பழசு. குழாய் ஓரம், பீம் ஓரத்தில் அழுக்கு எண்ணெய் தேய்த்த மாதிரி கறை இருக்கிறதா என்றும் பாருங்கள். அதே வழியில் தினமும் போய்வருவதால் எலியின் உடம்பு எண்ணெய் ஒட்டி வருவது அது.

#4 வெண்பஞ்சு

பொறிக்காரர் அண்ணா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், மூஞ்சூறை எலி என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு வருடம் முன்னால் எங்கள் கழுவுமிடத்தில் தினமும் "கீச் கீச்" என்று சத்தம், கெட்ட வாடை வேறு. பொறி வாங்கப் போகவிருந்த அன்றைக்கு ராத்திரி விளக்கைப் போட்டபோது பார்த்தேன். தாய் முன்னால் போகிறது, அதன் வாலடியை ஒரு குட்டி வாயால் கவ்விக்கொண்டிருக்கிறது, அந்தக் குட்டியின் பின்புறத்தை அடுத்த குட்டி, அப்படியே நான்கு குட்டிகள் ஒரே கயிறு மாதிரி சுவரோரமாக வளைந்து போயின. அதன் பிறகு எனக்குப் பொறி வைக்க மனம் வரவில்லை.

மூஞ்சூறு கொறிக்கும் இனமே கிடையாது. வாயைத் தாண்டி நீண்ட மூக்கு, கண் கடுகளவுதான். கரப்பானும் பூச்சியும்தான் அதற்கு ஆகாரம். வயரையோ மரத்தையோ கடிக்காது. உங்கள் வீட்டில் குழாய் கடிபட்டிருக்கிறது, சோப்பில் பல் தடம் இருக்கிறது, அதனால் உங்களுக்கு வந்திருப்பது எலிதான். ஆனால் சத்தத்தையும் வாடையையும் மட்டும் வைத்து முடிவு செய்பவர்கள் இதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

#5 மூன்றாம்மாடி

அளந்தேன் அண்ணா. ஏழெட்டு எடுத்துப் பார்த்ததில் எல்லாம் 11, 12 மில்லிமீட்டர், முனை கூர், லேசான வளைவு. அழுத்தினால் நசுங்குகிறது. பரணுக்கு மேலே ஏசி செம்புக் குழாய் சுவருக்குள் போகும் இடத்தில் விரல் தேய்த்த மாதிரி கறுப்புக் கறை. இத்தனை நாள் அதைக் குழாய் வேலை செய்தவர்களின் கை அழுக்கு என்றே நினைத்திருந்தேன். அப்படியென்றால் கூரை எலிதானே?

#6 பொறிக்காரர்

கூரை எலிதான். நல்லது, இனி தேட வேண்டிய இடம் மேலே. நீங்கள் சொன்ன அந்தக் குழாய்ப் பொந்து ஒன்று, அது மட்டுமே இருக்காது.

கூண்டு ஏன் பலிக்கவில்லை என்று கேட்டீர்கள். எலிக்குப் புதுப் பொருளைக் கண்டால் பயம். தான் தினமும் போகும் பாதையில் திடீரென்று ஒரு பெட்டி முளைத்தால் பல நாள் சுற்றிப் போகும். சுண்டெலி அப்படியில்லை, புதுசு என்றால் அதுவே வந்து மோந்து பார்க்கும், முதல் ராத்திரியே விழுந்துவிடும். கூரை எலிக்குப் பொறியை அமுக்காமல் (அதாவது விசையை இழுத்து மாட்டாமல்), தீனி மட்டும் வைத்து நான்கைந்து நாள், தேவைப்பட்டால் ஒரு வாரம் அப்படியே விடுங்கள். தினமும் இடம் மாற்றாதீர்கள், அதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. தீனியைத் தைரியமாக எடுக்க ஆரம்பித்த பிறகு ஒரே இரவில் எல்லாப் பொறியையும் அமுக்குங்கள். ஒன்றிரண்டு வைத்து வாரக்கணக்கில் காத்திருப்பதைவிட ஆறேழு பொறி ஒரே நேரத்தில் வைப்பது நல்லது.

எனக்குக் கம்பி அடிக்கும் பொறிதான் பிடிக்கும். நல்ல அழுத்தமான பொறி என்றால் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும், எலிக்கும் வேதனை குறைவு. சுவருக்குச் செங்குத்தாக, தீனித் தட்டு சுவரைப் பார்த்து இருக்க வேண்டும், ஏனென்றால் அது சுவரை மீசையால் தடவிக்கொண்டே போகும் பிராணி. கூரை எலிக்குத் தரையில் வைத்துப் பிரயோஜனமில்லை, பீம் மேல், குழாய் ஓரம், பரண் மேல் கட்டி வையுங்கள். தீனி நிலக்கடலையோ வேர்க்கடலை வெண்ணெயோ போதும். கெட்டியான தீனியாக இருந்தால் நூலால் கட்டிவிடுங்கள், இல்லையென்றால் பொறியைத் தட்டாமலே நைசாக எடுத்துப் போய்விடும். குழந்தைக்கு எட்டாத உயரம் என்பதை மறக்க வேண்டாம்.

பாதை தெரியவில்லையென்றால் சந்தேகப்படும் இடத்தில் முகப்பவுடரை மெல்லிசாகத் தூவி விடுங்கள். காலையில் தடம் இருக்கும். முன்காலில் நான்கு விரல், பின்காலில் ஐந்து, நடுவில் வால் இழுத்த கோடு. எந்தப் பக்கம் போயிருக்கிறது என்பது வரை தெரிந்துவிடும்.

#7 சாந்துக்கரண்டி

நான் கொத்தனார். எலி பிடிப்பது பொறிக்காரர் ஐயாவின் வேலை, வராமல் அடைப்பது என் வேலை, அதனால் அதைப் பற்றி விவரமாக எழுதுகிறேன்.

உங்கள் கட்டை விரல் நுழையும் பொந்து என்றால் எலிக்குட்டி நுழையும், பென்சில் நுழையும் என்றால் சுண்டெலி நுழையும். கணக்காகச் சொன்னால் 12 மில்லிமீட்டர், 6 மில்லிமீட்டர். தலை போனால் உடம்பு போய்விடும். வீட்டைச் சுற்றி வரும்போது கையில் ஒரு பென்சில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சந்திலும் நுழைத்துப் பாருங்கள், எத்தனை இடம் இருக்கிறது என்று அப்போதுதான் தெரியும். ஏசி குழாய், கேபிள் வயர், குளியலறை எக்ஸாஸ்ட், கழிவுநீர்க் குழாய் சுவரைத் துளைக்கும் இடம், மொட்டை மாடிக் கதவின் அடி, ஓடு போட்ட கூரை என்றால் ஓடும் சுவரும் சேரும் ஓரம். ஆள் உயரத்தில் எல்லோரும் பார்த்து அடைத்துவிடுவார்கள். அலமாரிக்குப் பின்னால், சிங்க்குக்கு அடியில், மாடித் தொட்டிக்குப் பின்னால் யாரும் பார்ப்பதில்லை.

எதை வைத்து அடைப்பது? நுரை ஸ்பிரே அடித்து அடைத்துவிட்டுப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், ஒரே ராத்திரியில் எலி அதைக் கொறித்துத் துளைத்துவிடும். துணி, தெர்மாகோல், பிளாஸ்டிக், மரச் சட்டம் எல்லாம் அதே கதைதான். அதன் முன்பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும், வருடத்துக்கு 10 சென்டிமீட்டருக்கு மேல் வளரும், அதனால் எதையாவது கொறித்தே ஆக வேண்டும், அலுமினியத் தகட்டைக்கூடக் கொறிக்கும். சின்னப் பொந்தில் துருப்பிடிக்காத கம்பி நாரை நன்றாக அமுக்கித் திணித்து மேலே சிமென்ட் பூசுங்கள். சாதாரணக் கம்பி நார் ஈரத்தில் துருப்பிடித்து உதிர்ந்துவிடும். காற்று வர வேண்டிய இடத்துக்கு 6 மில்லிமீட்டர் கண் உள்ள கெட்டிக் கம்பி வலை, கொசுவலை உதவாது. கதவடிக்கு இரும்புத் தகடு அடியுங்கள், மூடின கதவுக்கு அடியில் பென்சில் உருளக் கூடாது. மொட்டை மாடியில் தரைத்துளை மூடி உடைந்திருந்தால் அன்றைக்கே மாற்றுங்கள். கட்டிடத்தை ஒட்டி மரம் இருந்தால் கிளையைச் சுவரிலிருந்து இரண்டு மீட்டராவது தள்ளி வெட்டுங்கள், கூரை எலிக்கு அதுதான் படிக்கட்டு.

இன்னொன்று, எலி உள்ளே இருக்கும்போது எல்லாவற்றையும் ஒரேயடியாக அடைக்காதீர்கள். உள்ளேயே செத்து நாறும், இல்லை வெளியே வர வேறு எங்கேயாவது புதுசாகத் துளைக்கும். எந்தப் பொந்து நடப்பில் இருக்கிறது என்று பார்க்கச் சுலபமான வழி: ஒவ்வொன்றிலும் செய்தித்தாளைக் கசக்கிச் செருகுங்கள். மூன்று நாள் கழித்தும் காகிதம் அசையவில்லை என்றால் அது பழைய பொந்து, தயங்காமல் பூசிவிடலாம். காகிதம் வெளியே தள்ளிக் கிடந்தால் அதுதான் வாசல். அதை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், பொறி அதன் பக்கத்தில்.

#8 கருவிழி

மருந்து வைக்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். போன வருடம் எங்கள் கட்டிடத்தில் ஒருவர் யாரிடமும் சொல்லாமல் படிக்கட்டுக்கு அடியில் எலி மருந்துக் கட்டிகளைப் போட்டிருந்தார். எங்கள் நாய் எப்போது தின்றது என்றே தெரியவில்லை. மூன்று நாள் நன்றாகத்தான் ஓடியாடிக்கொண்டிருந்தது. நான்காவது நாள் எழுந்திருக்கவில்லை, ஈறெல்லாம் வெளுத்துப் போய், மூக்கிலிருந்து ரத்தம். கால்நடை மருத்துவர் உடனே கண்டுபிடித்து வைட்டமின் கே1 ஊசி போட்டார், பிறகு நான்கு வாரம் மாத்திரை. பிழைத்துக்கொண்டது. ஆனால் அந்த நான்காம் நாள் ராத்திரி அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை என்னால் மறக்க முடியாது. தயவுசெய்து மருந்து வைத்தால் அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டு வையுங்கள்.

#9 பொறிக்காரர்

கருவிழி சொன்ன நாய் தின்றது ரத்தம் உறையாமல் செய்யும் வகை. 1920களில் வட அமெரிக்காவில் கெட்டுப்போன தீவனம் தின்ற மாடுகள் ரத்தம் கசிந்து செத்தன, அதற்குக் காரணம் என்ன என்று தேடிப் போனதில் பிறந்ததுதான் வார்ஃபரின். 1948இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது. பத்து வருடத்தில், 1958இல், ஸ்காட்லாந்தில் அதற்கு மசியாத எலிகளைக் கண்டார்கள். அதற்குப் பிறகு வந்த புரோமடியோலோன், புரோடிஃபாகூம் எல்லாம் இன்னும் வீரியம், ஒருமுறை தின்றாலே போதும். ஆனால் எலி சாக நான்கைந்து நாளுக்கு மேல் ஆகும், அதுவரை உடம்பில் விஷத்தோடு திரியும், மந்தமாக இருக்கும் எலியைத்தான் பூனையும் ஆந்தையும் முதலில் பிடிக்கும். விஷம் அவற்றின் ஈரலில் மாதக்கணக்கில் தங்கும். வருடத்துக்கு நூற்றுக்கணக்கில் எலி தின்னும் ஆந்தையை நாமே கொன்றுவிட்டு எலி அதிகமாகிவிட்டது என்று புலம்புகிறோம், எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு.

"மருந்து தின்ற எலி தண்ணீர் தேடி வெளியே போய்ச் சாகும்" என்று கடையில் சொல்வார்கள். நம்பாதீர்கள். பெரும்பாலும் தன் கூட்டில்தான் சாகும், உங்கள் விஷயத்தில் கூடு ஃபால்ஸ் சீலிங்குக்குள். இரண்டு மூன்று வாரம் நாறும், ஈ மொய்க்கும், எடுக்க வேண்டுமென்றால் சீலிங்கை அறுக்க வேண்டும். உள்ளே இருக்கும் எலிக்கு நான் மருந்து வைப்பதே இல்லை.

இப்போது அந்த டியூப். பசை மருந்து என்று நீங்கள் சொன்னது மஞ்சள் பாஸ்பரஸாக இருக்கலாம், லேபிளைப் பாருங்கள். அதற்கு விஷமுறிவு மருந்து கிடையாது. இன்னொரு எலி மருந்தான துத்தநாக பாஸ்பைடுக்கும் கிடையாது. பாஸ்பரஸில் இன்னொரு கொடுமை, உடம்புக்குள் போன முதல் நாள் வாந்தி, வயிற்றுவலி, அப்புறம் ஒன்றிரண்டு நாள் சரியாகிவிட்ட மாதிரி தெரியும், அதன் பிறகுதான் ஈரல் கெட ஆரம்பிக்கும். யார் வீட்டிலாவது குழந்தை இதைத் தொட்டு வாயில் வைத்ததாகச் சந்தேகம் வந்தாலே, நன்றாகத்தானே இருக்கிறாள் என்று காத்திருக்காமல் டியூபையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள். வீட்டிலேயே வாந்தி எடுக்க வைக்க முயல வேண்டாம். ரொட்டித் துண்டில் தடவி மூலையில் வைக்கும் பழக்கத்தைப் போல ஆபத்தானது எதுவும் இல்லை, எலிக்கு முன்னால் குழந்தைதான் அதைப் பார்க்கும். அந்த டியூபைக் குப்பையில் போடாமல் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

#10 நீலக்குயில்

எல்லாம் சரி, அதனால்தான் நான் ஒட்டு அட்டை சொன்னேன். விஷம் இல்லை, அடிபடாது, குழந்தை தொட்டாலும் எண்ணெய் போட்டுக் கழுவினால் போய்விடும்.

#11 வெண்பஞ்சு

நீலக்குயில், நீங்கள் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறீர்கள், ஆனால் அதில் மாட்டினது எப்படிச் சாகிறது என்று பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறீர்களா? நாங்கள் ஒருமுறை வைத்தோம். ராத்திரி முழுக்கக் கத்தியது. காலையில் பார்த்தால் முன்கால் ஒன்றை இழுத்து இழுத்துத் தோல் உரிந்து போய், வாய்க்குள் பசை. அப்போதும் உயிர் இருந்தது, அதை என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு பேரும் நின்றோம். அதோடு பல்லி, குருவி, ஓணான், மூஞ்சூறு எல்லாம் ஒட்டும். இங்கிலாந்தில் 2022இல் சட்டம் போட்டு உரிமம் இல்லாதவர்கள் வைப்பதையே குற்றமாக்கிவிட்டார்கள், 2024இல் அது நடைமுறைக்கும் வந்துவிட்டது.

#12 பொறிக்காரர்

வேலை விஷயமாகவும் சொல்கிறேன். தூசி படிந்தால் ஒட்டாது, ஈரமானால் ஒட்டாது, பெரிய எலி பிய்த்துக்கொண்டு போய்விடும், ஒருமுறை தப்பிய எலி அட்டை இருக்கும் பக்கமே வராது. பயத்தில் மூத்திரம், புழுக்கை எல்லாம் அங்கேயே விட்டிருக்கும், அதை நீங்கள் கையால் எடுக்க வேண்டும். கூண்டு வைப்பவர்களும் காலை மாலை இரண்டு வேளையும் போய்ப் பாருங்கள், வெயிலில் தண்ணீரில்லாமல் போட்டு வைப்பதும் அதே கொடுமைதான்.

#13 மழைத்துளி

ப்ளக்கில் மாட்டும் அல்ட்ராசானிக் கருவி பலிக்குமா? விளம்பரத்தில் நூறு சதவீதம் என்கிறார்கள். இல்லையென்றால் பூனை வளர்க்கலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள்.

#14 பொறிக்காரர்

கருவி வேண்டாம். அந்தச் சத்தம் சுவரையோ சோபாவையோ தாண்டாது, எதிரே இருக்கும் எலியும் சில நாளில் பழகிவிடும். 2001இலேயே அமெரிக்காவில் ஃபெடரல் டிரேட் கமிஷன் என்ற அரசு அமைப்பு இதைத் தயாரிப்பவர்கள், விற்பவர்கள் அறுபதுக்கும் மேற்பட்டவர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. நாப்தலின் உருண்டையும் புதினா எண்ணெயும் அப்படித்தான், உருண்டையைக் குழந்தைகள் மிட்டாய் என்று வாயில் போடும் ஆபத்து வேறு.

பூனை சுண்டெலியைப் பிடிக்கும். வளர்ந்த பெரிய எலி என்றால் பெரும்பாலும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். 2018இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில் நியூயார்க்கின் ஒரு கழிவுக் கிடங்கில் கேமரா வைத்து 79 நாள் பார்த்தார்கள், அங்கிருந்த பூனைகள் கொன்றது இரண்டே எலி. பூனை நடமாடினால் எலி வெளியே தலைகாட்டுவது குறையும், நாம் அதைப் பார்த்து எலி போய்விட்டது என்று நினைப்போம். பூனையை ஆசைக்கு வளருங்கள்.

#15 தும்பைப்பூ

சுத்தம் செய்வதைப் பற்றி யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். என் தம்பி கிடங்கு ஒன்றைச் சுத்தம் செய்யப் போய் எலிக்காய்ச்சல் வாங்கிக்கொண்டு வந்தான். காலில் சின்ன வெட்டுக்காயம், தேங்கின தண்ணீரில் வெறுங்காலோடு நின்றிருக்கிறான். பத்து நாள் கழித்துக் காய்ச்சல், கெண்டைக்காலைத் தொடவே விடவில்லை, கண் சிவந்துபோயிற்று. முதலில் போன இடத்தில் சாதாரணக் காய்ச்சல் என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது இடத்தில் "எலி நடமாடும் இடத்தில் வேலை செய்தீர்களா?" என்று கேட்டபிறகுதான் பரிசோதனை எடுத்தார்கள். சிறுநீரகம் வரை போய்ப் பிழைத்தான். அதனால் எலி இருந்த இடத்தைச் சுத்தம் செய்து ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்லிவிடுங்கள். ஆரம்பத்திலேயே கொடுத்தால் ஆன்டிபயாட்டிக்கில் குணமாகிற நோய்தான்.

பரணைச் சுத்தம் செய்யும்போது துடைப்பத்தால் கூட்டாதீர்கள், வாக்வம் போடாதீர்கள். காய்ந்த புழுக்கையும் மூத்திரமும் தூசியாகப் பறந்து மூச்சில் போகும், ஹான்டா வைரஸ் அப்படித்தான் பரவுகிறது. ஜன்னலைத் திறந்து அரைமணி நேரம் காற்றாட விடுங்கள். கையுறை, முகக்கவசம். ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து புழுக்கை நன்றாக ஊறும்படி தெளித்து ஐந்து நிமிடம் விட்டுவிட்டு, பழைய துணியால் அல்லது காகிதத்தால் ஒற்றி எடுத்து, இரண்டு பையில் கட்டிப் போடுங்கள். ப்ளீச்சோடு வேறு எந்தக் கழுவும் திரவத்தையும் கலக்கக் கூடாது. செத்த எலியையும் இப்படியே நனைத்துத்தான் எடுக்க வேண்டும், அதன் உடம்பிலிருக்கும் உண்ணியும் தெள்ளுப்பூச்சியும் உடம்பு குளிர்ந்ததும் வேறு ஆள் தேடும்.

#16 இரவுக்காவல்

நாற்பது வீடுள்ள கட்டிடத்தின் சங்கப் பொறுப்பில் ஆறு வருடம் இருந்தேன். மூன்றாம்மாடி, உங்கள் வீட்டை மட்டும் அடைத்தால் எலி பக்கத்து வீட்டுக்குப் போகும், பிறகு திரும்பி வரும். நாங்கள் வருடத்துக்கு இரண்டு தடவை ஆள் வைத்து எலி பிடித்தோம். மூன்று மாதம் அமைதி, நான்காவது மாதம் பழையபடி. 1940களில் பால்டிமோர் நகரில் டேவிட் டேவிஸ் என்ற ஆய்வாளர் தெருத் தெருவாக எலிகளைக் கணக்கெடுத்து இதையேதான் கண்டார். கொன்றால் மிச்சமிருப்பவை குட்டி போட்டுப் பழைய எண்ணிக்கைக்கே வந்துவிடும், குப்பையையும் ஒளியுமிடத்தையும் எடுத்தால்தான் எண்ணிக்கை இறங்கி அங்கேயே நிற்கும். கர்ப்பம் மூன்று வாரம், ஈற்றுக்கு ஆறு முதல் பன்னிரண்டு குட்டி, அந்தக் குட்டி இரண்டு மூன்று மாதத்தில் தானே குட்டி போடும், இதோடு பொறி மட்டும் போட்டி போட முடியுமா?

நாங்கள் கடைசியில் செய்தது என்னவென்றால், குப்பை அறைக்கு இறுக்க மூடும் இரும்புத் தொட்டிகள் வாங்கினோம், ராத்திரி குப்பையைக் கதவுக்கு வெளியே வைப்பதை நிறுத்தி, காலை ஆறு மணிக்கு மேல்தான் வைக்க வேண்டும் என்றோம். இதற்கு இரண்டு மாதம் சண்டை. மாடியில் புறாவுக்குத் தானியம் போடும் பெரியவர் ஒருவர் இருந்தார், அவரிடம் பேசுவதுதான் மிகக் கஷ்டமாக இருந்தது. அவரே பிறகு ஒரு நாள் ராத்திரி டார்ச்சோடு மேலே போய், அந்தத் தானியத்தை யார் தின்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்தார். அதற்கப்புறம் காலையில் கொஞ்சமாகப் போட்டு, மிச்சத்தைத் தானே கூட்டி எடுத்துவிடுவார். சொட்டும் குழாய்களையும் சரிசெய்தோம், பெரிய எலிக்குத் தினமும் தண்ணீர் வேண்டும். சுவரை ஒட்டிக் கிடந்த உடைந்த கட்டில், டயர், மரச்சாமான் எல்லாவற்றையும் அப்புறப்படுத்தினோம். ஒரு வருடத்தில் ஆள் வைத்துப் பிடிக்கும் செலவே நின்றது.

#17 மூன்றாம்மாடி

எல்லோருக்கும் நன்றி. ஒன்பது நாள் ஆயிற்று, நடந்ததைச் சொல்கிறேன்.

காகிதத்தைப் பதினோரு பொந்தில் செருகினேன் (பென்சிலோடு சுற்றியபோது பதினொன்று கிடைத்தது, இரண்டுதான் இருக்கும் என்று நினைத்திருந்தேன்). மூன்றாம் நாள் ஒன்பது அப்படியே இருந்தது. ஏசி குழாய்ப் பொந்தில் காகிதம் சுக்குநூறாகக் கிடந்தது. குளியலறை எக்ஸாஸ்ட் மூடியில் ஒரு பட்டை உடைந்திருக்கிறது, அங்கேயும் காகிதம் வெளியே. ஒன்பதையும் பூசியாயிற்று. எக்ஸாஸ்டுக்குக் கம்பி வலை அடித்துவிட்டோம்.

பொறி ஆறு, பரண் மேலும் சீலிங் திறப்புக்குள்ளும், அமுக்காமல் கடலை மட்டும் வைத்தேன். முதல் மூன்று ராத்திரி தொடவே இல்லை. நான்காவது ராத்திரி இரண்டில் காலி, ஐந்தாவது ராத்திரி ஐந்தில். நேற்று முன்தினம் எல்லாவற்றையும் அமுக்கினேன். ஒன்றரை மணிக்கு ஒரு சத்தம், இருபது நிமிடம் கழித்து இன்னொன்று. காலையில் மூன்று இருந்தது. வால் நீளமாக, காது பெரிசாக, பொறிக்காரர் அண்ணா சொன்ன அதே அடையாளம். ஒன்றின் வயிறு பெரிதாக இருந்தது, பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. நேற்று ராத்திரி எதுவும் விழவில்லை, சத்தமும் இல்லை. ஏசி பொந்தை இப்போதே அடைத்துவிடலாமா?

#18 சாந்துக்கரண்டி

அவசரப்படாதீர்கள். பொந்து வாயில் பவுடர் தூவிவிட்டு ஒரு வாரம் பாருங்கள். பொறி அமுக்கியபடியே இருக்கட்டும். ஒரு வாரமும் தடம் இல்லையென்றால் கம்பி நார் திணித்துப் பூசுங்கள். செம்புக் குழாயில் அழுத்தம் படாமல் பூச வேண்டும், குழாயைச் சுற்றியிருக்கும் கறுப்பு ஸ்பாஞ்சைத்தான் முதலில் கொறிக்கும், அதற்கு மேல் வெளிப்பக்கம் தகட்டு வளையம் ஒன்று போட்டுவிடுங்கள். பூசின பிறகு அந்தக் கறுப்புக் கறையைச் சோப்புத் தண்ணீரால் துடைத்துவிடுங்கள், அந்த வாடையைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்த எலி அங்கே வரும்.

#19 மூன்றாம்மாடி

ஏழு நாள் தடம் இல்லை. எட்டாவது நாள் காலையில் பவுடரில் ஒரே ஒரு சின்னத் தடம், வெளியிலிருந்து உள்பக்கமாக. அன்று ராத்திரியே பொறியில் விழுந்தது, முழுதாக வளராத எலி. அதற்குப் பிறகு மறுபடி ஏழு நாள் எண்ணினேன். ஒன்றும் இல்லை, நேற்று பூசியாயிற்று.

எதிர் வீட்டில் போய்ச் சொன்னேன். அவர்களுக்கும் ஒரு மாதமாகச் சத்தம் கேட்கிறதாம், வெளியே சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்கள். அவர்கள் ஏசி குழாய்ப் பொந்தும் எங்களுடையதைப் போலவே, ஒரே ஆள் துளைத்தது, வெறும் நுரையால் அடைத்திருக்கிறது, நடுவில் வட்டமாக வழி. என்னிடமிருந்த ஆறு பொறியையும் கழுவி அவர்களிடம் கொடுத்திருக்கிறேன், அமுக்காமல் வைக்கும்படி சொல்லி. ஞாயிற்றுக்கிழமை இரண்டு வீட்டாரும் சேர்ந்து மொட்டை மாடியைப் பென்சிலோடு சுற்றப் போகிறோம்.